வேம்படியும் மதகடியும்

3.6.57, திங்கள்

இன்றைக்கும் பஸ் வரவில்லை. வரவில்லை என்று எழுதுவதும் பிழை. வந்தது, மகள் கமலாசனிக்கு இரண்டாம் பாடம் முடிகிற நேரத்துக்கு வந்தது. உருத்திரபுரத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஓடுவது வீரகத்தியரின் பஸ் ஒன்றுதான். ஒன்றே ஒன்று என்பதால் அதற்குப் பெரிய வீட்டு மாப்பிள்ளை என்ற எண்ணம். நிறையும் வரை நகராது. நிறைந்த பிறகு சாரதி தேத்தண்ணீர் குடிக்க இறங்குவான். அவனைக் கேட்டால் முதலாளியைக் கேள் என்கிறான். முதலாளியைக் கேட்டால், "அவசரமெண்டால் நடந்து போறதுதானே" என்கிறார்.

பிள்ளைக்கு டிசம்பரில் எஸ்.எஸ்.சி. சோதனை. இந்தக் குடியேற்றத்திலிருந்து அந்தச் சோதனை எழுதப்போகும் முதல் பெண்பிள்ளை அவள். கிளிநொச்சிப் பள்ளியில் கணக்கைக் காலையில் முதல் பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவள் பஸ்ஸுக்காக வேம்படியில் நிற்கிறாள். சைக்கிளில் ஏற்றிப் போகிறேன் என்றால், பெரியபிள்ளையான பெண்ணைச் சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டு ஊர்கோலம் போவதா என்று அன்னபாக்கியம் முகத்தைச் சுளிக்கிறாள். "பாதிப் படிப்பு றோட்டிலதானே நடக்குது, பேசாமல் நிப்பாட்டுங்கோ" என்று வேறு தொடங்கிவிட்டாள். தாயே இப்படிச் சொன்னால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வாய்க்காலில் இன்று எங்களுக்குத் தண்ணீர் முறை. அதுவும் வரவில்லை.

9.6.57, ஞாயிறு

பள்ளிக்கூட மண்டபத்தில் கிராம முன்னேற்றச் சங்கக் கூட்டம். காரியதரிசி என்பதால் நான்தான் பேச்சைத் தொடங்கினேன். பஸ் என்று வாயெடுத்ததுமே சனம் கொதித்தது.

கனகலிங்கம் மாஸ்ரர் எழும்பி, பஸ்ஸெல்லாவற்றையும் அரசாங்கம் எடுக்க வேண்டும், ரயிலை எடுத்து நடத்தவில்லையா என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அரசாங்கம் நடத்துகிற அழகை நான் காணி உறுதிப் பத்திரத்துக்கு அலைந்த காலத்தில் பார்த்தவன். ஒரு கையெழுத்துக்கு எத்தனை கந்தோர்ப் படி! நான் சொன்னேன்: ஊரில் ஒரு கடை இருந்தால் கடைக்காரன் ராசா, இரண்டு கடை இருந்தால் வாங்குகிறவன் ராசா. இன்னொரு பஸ்ஸுக்கு அனுமதி கொடுக்கட்டும், வீரகத்தியர் தானாக நேரத்துக்கு ஓடுவார். போட்டியை விட நல்ல வாத்தியார் கிடையாது.

கைதட்டினார்கள். மாஸ்ரர் மட்டும், "பாப்பம், இளையதம்பி" என்று சொல்லிவிட்டு இருந்தார். விண்ணப்பத்தை நானே எழுதினேன். நல்லாகத்தான் எழுதினேன்.

18.7.57, வியாழன்

அனுமதி கிடைத்துவிட்டது. யாருக்கு? அன்னபாக்கியத்தின் தமையன் அப்புத்துரைக்கு! மச்சான் எனக்கு ஒரு சொல் சொல்லாமல் புகையிலைக் காணியை விற்று யாழ்ப்பாணத்தில் பழைய பஸ் ஒன்று வாங்கியிருக்கிறார். வீட்டுக்காரி தரையில் நடக்கவில்லை. நடக்கட்டும். பஸ் யாருடையது என்றால் எனக்கென்ன, ஓடினால் சரி.

4.8.57, ஞாயிறு

மச்சானின் பஸ் வெள்ளோட்டம். சில்லுக்குத் தேசிக்காய், முன்னுக்கு வாழைமரம், மேளம். பஸ்ஸுக்குச் செய்ததைப் பார்த்தால் என் கலியாணத்துக்குச் செய்தது குறைவு. முதல் ஓட்டம் எல்லாருக்கும் இலவசம்.

12.8.57, திங்கள்

ஒரு கிழமையாக நாங்கள் ராசாக்கள்தான். இரண்டு பஸ்ஸும் விடியவே வந்து நிற்கின்றன. பஸ் கூலியைக் குறைத்திருக்கிறார்கள். வீரகத்தியரின் சாரதி, அதே ஆள், என் கையிலிருந்த சாக்கை வாங்கி மேலே ஏற்றினான். கமலாசனி பள்ளிக்கு முதல் ஆளாகப் போய்ச் சேருகிறாள். மாஸ்ரரைக் கண்டு, "எப்பிடி?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். இன்றைக்கு நல்ல நித்திரை வரும்.

30.8.57

இதென்ன கூத்து?

முந்தி எல்லாரும் நின்றது வேம்படியில். இப்போது யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து குடியேறிய ஆக்கள் அங்கே நிற்பதில்லையாம். அவர்கள் கொஞ்சம் தள்ளி மதகடிக்குப் போய்விட்டார்கள், அங்கே அவர்களுடைய ஊரவரான வீரகத்தியரின் பஸ் மட்டும் நிற்கும். வேம்படியில் தென்மராட்சியார் நாங்கள், எங்களுக்கு அப்புத்துரையின் பஸ். கடல்நீரேரி கடந்து, காடு வெட்டி, ஒரே குளத்துத் தண்ணீர் குடிக்க வந்த சனம், பஸ் ஏறுவதற்கு ஊர் பார்க்கிறது! கோயிலில் ஐந்தாம் திருவிழாக்காரரும் ஆறாம் திருவிழாக்காரரும் ஆருடைய மேளம் பெரிது என்று பிடிக்கிற போட்டி இருக்கிறதே, அதைத் தூக்கி றோட்டில் வைத்துவிட்டார்கள். நேற்று வீரகத்தியரின் பஸ்ஸுக்கு மாலை போட்டார்களாம். இன்று எங்கள் பக்கத்தார் மச்சானின் பஸ்ஸுக்குச் சோடனை செய்யக் காசு சேர்க்கிறார்கள். என்னிடமும் வந்தார்கள். மச்சினன் முறை. கொடுக்காமல் இருக்க முடியுமா?

16.9.57, திங்கள்

மச்சானின் பஸ் பிந்திவிட்டது. வீரகத்தியரின் பஸ் பாதி வெறுமையாகப் போனது. வேம்படியில் நின்ற ஒருவரும் கையைக் காட்டவில்லை. நானும்தான். கமலாசனி என் முகத்தைப் பார்த்தாள். நான் வேப்பம் இலையைப் பார்த்தேன்.

மாமனுடைய பஸ்ஸை விட்டு மாற்றானுடையதில் ஏறினால் அண்ணை முகத்தில் எப்படி முழிப்பேன் என்று அன்னபாக்கியம் முதல் நாளே சொல்லி வைத்துவிட்டாள்.

போட்டி என்றால் எது நல்லாக ஓடுகிறதென்று பார்த்துச் சனம் ஏறும் என்று நினைத்தேன். ஏறாவிட்டால் ஓட்டுகிறவன் பயப்படுவான் என்று நினைத்தேன். மச்சான் எதற்குப் பயப்படுவார்? எவ்வளவு பிந்தினாலும் நாங்கள் நிற்போம் என்று அவருக்குத் தெரியும். வீரகத்தியருக்கும் அவருடைய ஆக்களைத் தெரியும். முந்தி ஒரு ராசா. இப்போது இரண்டு ராசா.

29.9.57

மீராசாகிபு நானா புடவை மூட்டையோடு வந்து ஒரு வெற்றிலை போட்டுவிட்டுப் போனார். சைக்கிள் பழுதான நாளிலிருந்து பஸ்ஸில்தான் திரிகிறார். வேம்படியும் மதகடியும் அவருக்கு ஒன்றுதான், முன்னுக்கு எது வருகிறதோ அதில் ஏறுகிறார். இந்த ஊரில் நான் கூட்டத்தில் சொன்னபடி நடக்கிற ஒரே ஆள்.

"நான் வித்தால் துணியை வெயிலில பிடிச்சு, இழுத்து, கசக்கிப் பாத்துத்தான் வாங்குவினம், தம்பி. பஸ்ஸில மட்டும் முதலாளியின்ர முகத்தைப் பாத்து ஏறுகினம்" என்றார். அன்னபாக்கியம் குசினிக்குள் சட்டியை ஓசைப்பட வைத்தாள்.

20.10.57, ஞாயிறு

விதைப்பு முடிந்தது. மழையும் நல்லாக இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மற்றதெல்லாம் வயிற்றெரிச்சல். ஜனவரி முதலாம் திகதி பஸ்ஸெல்லாவற்றையும் அரசாங்கம் எடுக்கிறதாம், உறுதியாகிவிட்டதாம். மாஸ்ரர் பத்திரிகையை மடித்துக்கொண்டு என் படலைக்கே வந்து காட்டினார். சரி, எடுக்கட்டும். அதுவரைக்கும்? எடுத்துக்கொண்டு போகப்போகிற பஸ்ஸுக்கு யார் புது டயர் போடுவான்? வீரகத்தியரும் போடவில்லை, மச்சானும் போடவில்லை. இந்த ஒரு விஷயத்தில்தான் இரண்டு பேருக்கும் ஒற்றுமை. மச்சானின் பஸ்ஸைக் காலையில் நாலு பேர் தள்ளினால்தான் இயந்திரம் உயிர் பெறுகிறது. தள்ளுவதற்கென்றே எங்கள் பக்கத்து இளந்தாரிகள் முறை வைத்திருக்கிறார்கள். கூலியும் கொடுத்துத் தள்ளவும் தள்ளுகிறோம்.

11.11.57

கமலாசனி இன்று நின்றுகொண்டே போனாளாம். அரைக் கூலிக்காரர் எழும்பி முழுக் கூலிக்காரருக்கு இடம் கொடுக்க வேண்டுமென்று கொண்டக்டர் சின்னராசா சொன்னானாம். சொந்த மாமனின் பஸ்!

மச்சானிடம் கேட்டேன். "யாவாரம் யாவாரந்தானே மச்சான், நீங்கள்தானே போட்டி வேணுமெண்டு மேடையில பேசினனியள்" என்றார்.

3.12.57, செவ்வாய்

சோதனை தொடங்கிவிட்டது. தமிழ்ப் பத்திரம். நேரத்துக்குப் போனாள், நல்லாக எழுதினேன் என்றாள். வருகிற செவ்வாய் கணக்கு. கணக்கில் தவறினால் மற்றதெல்லாம் எழுதியும் பிரயோசனமில்லை. விளக்கைக் கொளுத்தி வைத்துச் செய்துகொண்டே இருக்கிறாள். தாய் பக்கத்தில் இருந்து பால் ஆற்றுகிறாள். படிப்பு வேண்டாம் என்றவள்தான் இப்போது என்னைச் சத்தம் போடாமல் இருமச் சொல்கிறாள்.

10.12.57, செவ்வாய்

எழுதத்தான் வேண்டும், எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

விடியவே மூன்று பேரும் வேம்படியில் நின்றோம். மழை. மச்சானின் பஸ்ஸைக் காணவில்லை. எங்கள் பக்கத்தார் வேறு ஒருவரையும் காணவில்லை, அதைக்கூட நான் யோசிக்கவில்லை. மதகடியில் ஏழெட்டுப் பேர் குடையோடு நின்றார்கள். கமலாசனிதான் சொன்னாள்: "ஐயா, மதகடிக்குப் போய் நிப்பம்."

கூப்பிடு தூரம். நடந்து போயிருக்கலாம்.

"மாமா வருவர், பிள்ளை. இண்டைக்குச் சோதினையெண்டு அவருக்குத் தெரியும். அங்க போய் நிண்டால் ஆக்கள் சிரிப்பினம்" என்றாள் அன்னபாக்கியம். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? என்ர வாய்க்கு என்ன வந்தது? மேடையில எவ்வளவு கதைச்சனான்!

வீரகத்தியரின் பஸ் வந்தது. மதகடியில் நின்று அவர்களை ஏற்றிக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. பிள்ளை றோட்டில் இறங்கி இரண்டு கையையும் தூக்கினாள். சாரதி கண்டான். கண்டவன் ஹோர்ன் அடித்து, விலகிக்கொண்டு போனான். அவனை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை. மூன்று மாதமாக வேம்படியில் எங்கள் பக்கத்தார் எவனும் அவனுக்குக் கை காட்டியதில்லை. அவளுடைய கை தன்னை மறிக்கிறது என்று நினைத்தானா, நக்கலடிக்கிறது என்று நினைத்தானா, முருகனுக்குத்தான் வெளிச்சம். பின்கதிரையில் இடம் வெறுமையாகக் கிடந்தது.

பிறகுதான் அவ்வழியால் வந்த ஒருவன் சொன்னான். மார்கழி பிறந்தால் முகூர்த்தம் இல்லை; கடைசி முகூர்த்தம் இன்றைக்கு. சாவகச்சேரியில் கலியாணம், எங்கள் பக்கத்தார் முக்கால்வாசிப் பேரையும் ஏற்றிக்கொண்டு மச்சானின் பஸ் நேற்றே போய்விட்டது. பிள்ளையின் சோதனை அமளியில் எங்களுக்கு அது காதில் விழவில்லை. நல்ல ஓட்டம், நல்ல காசு. யாவாரம்.

வீட்டுக்கு ஓடிச் சைக்கிளை எடுத்து வந்தேன். பாரில் ஏற்றுவதை அன்னபாக்கியம் தடுக்கவில்லை. களி மண் சில்லில் பிடித்துவிட்டது. பாதித் தூரம் ஓட்டம், பாதித் தூரம் உருட்டல். சோதனை மண்டபத்துக் கதவு சாத்தியிருந்தது. மேற்பார்வையாளர் நல்ல மனிசன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நேரம் கடந்துவிட்டது, விதி விடாது என்றார். நான் கெஞ்சினேன். சத்தமும் போட்டேன். கமலாசனி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வாங்கோ ஐயா, உள்ளுக்கு எழுதிற பிள்ளையளுக்குக் குழப்பம்" என்றாள்.

அழவில்லை. கொம்பாசுப் பெட்டியைச் சட்டைக்குள் நனையாமல் வைத்திருந்தாள், வீடு வரைக்கும் அப்படியே வைத்திருந்தாள்.

11.12.57

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

15.12.57, ஞாயிறு

மச்சான் கலியாணப் பலகாரப் பெட்டியோடு வந்தார். கதிரையில் இருந்து, பலகாரத்தின் ருசியைச் சொல்லி, மழையைச் சொல்லி, அரசாங்கம் பஸ்ஸுக்கு என்ன விலை போடுமோ என்று அதையும் சொல்லி, கடைசியில்தான் வந்தார். அன்றைக்குச் சோதினை என்ற நினைப்பே இல்லையாம். தெரிந்திருந்தால் ஒரு காராவது ஒழுங்கு செய்திருப்பாராம்.

பிறகு சொன்னார்: "போனது போகட்டும். பொம்பிளைப் பிள்ளைக்குக் கணக்கு என்னத்துக்கு? என்ர பொடியனுக்குக் குடுக்கத்தானே போறம்."

நான் எழும்பிவிட்டேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்கு முன் அன்னபாக்கியம் குசினியிலிருந்து வந்து பலகாரப் பெட்டியை எடுத்துத் தமையனின் மடியில் வைத்தாள்.

"அண்ணை, உங்கட பஸ்ஸிலதான் ஏறவேணுமெண்டு அவளை மறிச்சு வைச்சனான் நான். நீங்கள் வருவியள் எண்டு வைச்சனான். இதைக் கொண்டு போங்கோ."

மச்சான் போய்விட்டார். இருபது வருஷத்தில் தமையனுக்கு எதிராக அவள் ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. குசினிக்குள் போய்ப் பார்த்தேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். புகையில் அழுகிறாளா, உண்மையாகவே அழுகிறாளா என்று கேட்கவில்லை.

26.12.57

மழை, மழை, மழை. குளம் நிரம்பி வழிகிறது. பாதிப் பயிர் தண்ணீருக்குள். பஸ் ஒன்றும் இல்லை, இருந்தாலும் றோட்டு இல்லை.

1.1.58, புதன்

இன்றிலிருந்து அரசாங்கத்து பஸ். வெள்ளத்தால் கிளிநொச்சிக்கு அங்கால் பாதை சரியில்லை, இங்கே மட்டும் ஒரு ஓட்டம் வந்தது. பார்த்தால் மச்சானின் அதே பழைய பஸ்! பெயரை மட்டும் வண்ணம் அடித்து மறைத்திருக்கிறார்கள், வெயில் பட்டால் அடியில் இருக்கிற எழுத்துத் தெரிகிறது. வீரகத்தியரின் பஸ்ஸை வவுனியாவுக்கு ஒதுக்கிவிட்டார்களாம். சாரதி மட்டக்களப்புப் பக்கத்து ஆள். இங்கே ஒருவரையும் தெரியாது. சின்னராசா மட்டும் கொண்டக்டராகக் காக்கிச் சட்டையோடு நிற்கிறான், முதல் நாளே அதிகாரி மாதிரிக் கதைக்கிறான்.

மீராசாகிபு நானாவின் புடவை மூட்டைக்குத் தனி ரிக்கற். என் வாழைக்குலையை ஏற்றவே மாட்டார்களாம், விதியாம். மாஸ்ரரிடம், "இதுதான் உங்கட சொர்க்கமோ?" என்று கேட்டேன். "நேரத்துக்கு வந்ததா இல்லையா?" என்றார். வந்தது. வாழைக்குலையைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

14.1.58, செவ்வாய்

பொங்கல். படைத்து முடிந்ததும் அன்னபாக்கியம் சொன்னாள், பிள்ளையைத் திரும்பவும் அதே வகுப்பில் விடுங்கோ, கணக்கை இன்னொருக்கால் எழுதட்டும் என்று. நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். கமலாசனி கொம்பாசுப் பெட்டியைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள்.

17.1.58, வெள்ளி

இந்தச் சனத்தைத் திருத்த அந்தச் சிவனே வந்தாலும் முடியாது.

அரசாங்கம் பஸ் தரிப்புப் பலகை ஒன்று நட்டிருக்கிறது. எங்கே? வேம்படிக்கும் மதகடிக்கும் சரி நடுவில், ஒரு நிழலும் இல்லாத வெட்டையில். எந்தக் கந்தோரில் இருந்து எந்த மடையன் கோடு கீறினானோ! சாரதி பலகையில்தான் நிற்பாட்டுவான். அங்கே ஆள் இல்லையென்றால் நிற்பாட்டாமல் போய்விடுவான். சனமோ பழையபடி வேம்படியில் ஒரு கும்பல், மதகடியில் ஒரு கும்பல். பலகையடிக்குப் போனால் மற்றவன் பக்கம் போனதாகிவிடுமாம்! நேற்றும் இன்றும் பஸ் இரண்டு கும்பலையும் தாண்டிப் போனது. இரண்டு கும்பலும் சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டின. நானும் திட்டினேன்.

20.1.58, திங்கள்

கமலாசனிக்குப் பள்ளி திறந்தது. எனக்கும் கிளிநொச்சியில் வெள்ள நட்ட விஷயமாக அலுவல் இருந்தது. அவள் முன்னுக்குப் போய்விட்டாள். நான் வேம்படிக்கு வந்தபோது மச்சான் நின்றார். பஸ் இல்லாத மனிசன், குடையை ஊன்றிக்கொண்டு எங்களைப் போல நின்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் கதைத்தோம். விலை இன்னும் போடவில்லையாம். மதகடியைப் பார்த்தால் அங்கே வீரகத்தியர், அவரும் குடையோடு.

அப்போதுதான் பார்த்தேன். நடு வெட்டையில், பலகைக்குக் கீழே, பிள்ளை தனியாக நிற்கிறாள். புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு றோட்டைப் பார்த்து நிற்கிறாள். இரண்டு பக்கத்துச் சனமும் அவளைத்தான் பார்க்கிறது. மச்சான், "மச்சான், பிள்ளையை இஞ்சால கூப்பிடுங்கோ, ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார். நான் கூப்பிடவில்லை. ஆனால் நானும் அங்கே போகவில்லை. அதையும் எழுதி வைக்கத்தான் வேண்டும்.

பஸ் வந்தது. மதகடியைத் தாண்டியது. பலகையடியில் நின்றது, அவள் ஒருத்திக்காக நின்றது. அவள் ஏறினாள்.

பிறகு ஓடினோம். வேம்படியால் நாங்கள், மதகடியால் அவர்கள். குடை ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம். மச்சான் இந்தப் பக்கத்தால், வீரகத்தியர் அந்தப் பக்கத்தால், பஸ் முதலாளிமார் இரண்டு பேரும் மூச்சு வாங்க வாங்க ஓடி வந்து ஒரே படியில் முட்டிக்கொண்டார்கள். எனக்கு ஒரு செருப்பு சேற்றில் போய்விட்டது. சின்னராசா மணியில் கையை வைத்துவிட்டான். உள்ளே இருந்து கமலாசனியின் குரல் கேட்டது: "கொஞ்சம் பொறுங்கோ, ஐயா வாறார்."

ஒற்றைச் செருப்போடு ஏறினேன். அவள் யன்னல் பக்கத்தில் இருந்து புத்தகத்தைப் பிரித்துவிட்டாள், பக்கத்தில் எனக்கு இடம் வைத்திருந்தாள். எனக்கு முன்னால் மச்சானும் வீரகத்தியரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆளையாள் பார்க்காமல் நின்றார்கள்.

கிளிநொச்சியில் இறங்கியபோது பள்ளிக்கூடத்து மணி இன்னும் அடிக்கவில்லை. முதல் பாடம் கணக்கு.